வனாந்தரத்தில் பிரான்சிஸ்: பெல்லினி படத்தப் பத்தி கேட்டவங்களுக்கு என் பதில்கள்

போன வாரம் ஜியோவான்னி பெல்லினி வரைஞ்ச புனித பிரான்சிஸ் படத்த போட்டு, டவுட் இருந்தா கேளுங்கன்னு எழுதியிருந்தேன். நாலு பேர் கேப்பாங்கன்னு நெனச்சா இன்பாக்ஸ் நெறஞ்சு போச்சு. படம் பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு பாறைக் குகை, அதுக்கு முன்னாடி சாம்பலும் பிரவுனும் கலந்த அங்கி போட்ட ஒரு சாமியார் வெறுங்காலோட நின்னு ரெண்டு கையையும் லேசா விரிச்சு இடது பக்கம் மேல பாக்கறார், அவருக்குப் பின்னாடி ஒரு எழுத்து மேஜை, இடது பக்கம் தூரத்துல ஒரு கழுதை, ஒரு நாரை, ஆடு மேய்க்கிறவன், அதுக்கும் பின்னாடி கோட்டைச் சுவர் வச்ச ஒரு ஊரு, மேல நீல வானம். அவ்ளோதான். 1470கள் கடைசில வெனிஸ்ல வரைஞ்சது, இப்போ நியூயார்க் மியூசியமான ஃப்ரிக் கலெக்‌ஷன்ல இருக்கு. நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சவ, நியூ ஜெர்சில இருக்கறதால இந்தப் படத்த எத்தன தடவ போய்ப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரே மாதிரி கேள்விகள சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, இவர் நம்ம கோட்டார் சவேரியார்தானே? எங்க பாட்டி வீட்ல இருக்கற படத்துல வேற மாதிரி இருப்பாரே?

இல்லப்பா, அவர் வேற இவர் வேற. பிரான்சிஸ்னு பேர் வந்தாலே நம்ம பக்கம் சவேரியார்தான் ஞாபகம் வரும், தப்பில்ல, முத்துக்குளித்துறைக்கு 1542ல வந்தவர் அவரு. ஆனா அவர் பொறந்ததே 1506ல, இந்தப் படம் அதுக்கு முப்பது வருஷம் முந்தினது. இது அசிசி பிரான்சிஸ், இத்தாலிக்காரர், 1181 இல்லனா 82ல பொறந்து 1226ல இறந்தவர், பணக்காரத் துணி வியாபாரி பையன், எல்லாத்தையும் விட்டுட்டு பிச்சை எடுத்து வாழ்ந்து பிரான்சிஸ்கன் சபைய ஆரம்பிச்சவர். ஐந்து காய பிரான்சிஸ்னு உங்க பாட்டிகிட்ட சொல்லிப் பாருங்க, உடனே புரியும். அந்த ஐந்து காயந்தான் இந்தப் படத்தோட விஷயமே.

கேள்வி: ‘பாலைவனத்தில் புனித பிரான்சிஸ்’னு போட்டிருக்கீங்க, பாலைவனம் எங்க? செடி கொடி ஆடு மாடுனு பச்சப் பசேல்னு இருக்கு.

இது என் தப்பு, அவசரத்துல டிக்‌ஷனரி அர்த்தத்த எடுத்துப் போட்டுட்டேன். இத்தாலியன்ல தெசெர்த்தோன்னா மணல் காடுன்னு மட்டும் அர்த்தம் கெடையாது, ஆள் நடமாட்டமில்லாத இடம், ஒதுங்கிப் போய் தனியா தவம் இருக்கற இடம்னு அர்த்தம். நம்ம பைபிள் தமிழ்ல இதுக்கு அச்சா ஒரு வார்த்த இருக்கே, வனாந்தரம். யோவான் ஸ்நானகர் வனாந்தரத்துல இருந்தார்னு படிச்சிருப்பீங்கல்ல, அந்த வனாந்தரம். அதனால இனிமே ‘வனாந்தரத்தில் பிரான்சிஸ்’னே சொல்றேன்.

இதுல இன்னொரு விஷயம், வெனிஸ் பக்கத்துல கடல் நீர்த்தேக்கத்துல ஒரு குட்டித் தீவு இருக்கு, அதோட பேரே சான் ஃப்ரான்செஸ்கோ டெல் தெசெர்த்தோ, இன்னைக்கும் பிரான்சிஸ்கன் மடம் அங்க இருக்கு. பிரான்சிஸ் 1219ல எகிப்து போய் சுல்தான் அல் காமிலப் பாத்துட்டு திரும்பற வழில அங்க தங்கினார்னு ஐதீகம். வெனிஸ்காரங்க காதுல இந்தப் படத்தோட பேரு விழும்போது அந்தத் தீவும் சேந்துதான் ஞாபகம் வந்திருக்கும்.

கேள்வி: சும்மா ஒருத்தர் நிக்கறார், வானத்தப் பாக்கறார். இதுல என்ன நடக்குது? எனக்கு உண்மையிலயே புரியல, கிண்டலுக்கு கேக்கல.

நல்ல கேள்வி, இத கேட்டவங்கதான் அதிகம். கதைய முதல்ல சொல்றேன். 1224ல, பிரான்சிஸ் சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, தஸ்கனில லா வெர்னான்னு ஒரு மலைல நாப்பது நாள் உபவாசம் இருக்கார். செப்டம்பர் நடுவுல, திருச்சிலுவைத் திருநாள் சமயத்துல, ஒரு காட்சி. ஆறு சிறகு இருக்கற செராபீன் சம்மனசு (தேவதூதர்), சிலுவைல அறையப்பட்ட மாதிரி, வானத்துலருந்து இறங்கி வருது. அது மறஞ்ச பிறகு பாத்தா பிரான்சிஸோட ரெண்டு கை, ரெண்டு கால், விலா, அஞ்சு இடத்துலயும் இயேசுவுக்கு இருந்த மாதிரியே காயம்.

இத ஓவியர்கள் இருநூறு வருஷமா ஒரே மாதிரிதான் வரைஞ்சாங்க. பாரிஸ் லூவ்ர்ல ஜியோத்தோ வரைஞ்சது ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. தங்கப் பின்னணி, மேல சம்மனசு உருவத்துல கிறிஸ்து, கீழ முட்டி போட்ட பிரான்சிஸ், மேலருந்து அஞ்சு கோடு கிளம்பி அஞ்சு காயத்துலயும் வந்து குத்துது, காத்தாடி நூல் மாதிரி. நிறைய படங்கள்ல பக்கத்துல சகோதரர் லியோன்னு ஒருத்தர் சாட்சியா ஒக்காந்திருப்பார். பாத்த உடனே என்ன நடக்குதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூட தெரிஞ்சிடும்.

பெல்லினி என்ன பண்ணாருன்னா சம்மனச தூக்கிட்டார். கோடு கெடையாது, லியோ கெடையாது, முட்டி போடறது கூட கெடையாது. உள்ளங்கைல உத்துப் பாத்தா மட்டும் தெரியற சின்னச் செவப்பு. அப்போ அற்புதம் எங்க இருக்குன்னு கேட்டா, வெளிச்சத்துல இருக்கு. படத்தோட இடது மேல் மூலைல ஒரு லாரல் மரம் பாருங்க, இலை மேல மஞ்சளா வெளிச்சம் விழுந்து பத்தி எரியற மாதிரி இருக்கும், பிரான்சிஸ் பாக்கறது அந்தப் பக்கந்தான், பாறை மேல விழற வெளிச்சமும் அங்கேருந்துதான் வருது, அவர் நிழல் பின்னாடி விழுது. மத்தவங்க தனியா ஒரு ஆளா வரைஞ்சு காட்டினத இவரு ஒரு காலை வேளையா மாத்திட்டார். எனக்கு இந்தப் படத்துல பிடிச்சதே இந்தத் துணிச்சல்தான், காசு குடுத்தவன் ‘சம்மனசு எங்கப்பா’ன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு!

கேள்வி: இதுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல ஆர்ட் ஹிஸ்டரிக்காரங்க வழக்கம் போல அடிச்சு விடறதா? சம்மனசு இருந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம்ல?

அடிச்சு விடறது எங்க தொழில்ல உண்டுதான், ஒத்துக்கறேன். ஆனா இந்த சந்தேகத்த உங்களுக்கு முன்னாடியே பலர் கேட்டுட்டாங்க, ஏன்னா பலகையோட மேல் விளிம்பு கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கறது உண்மை. ஒரு கட்சி, இது காயம் விழற அந்த நிமிஷமேதான், சம்மனசுக்குப் பதிலா வெளிச்சம்னு சொல்லும், மில்லார்ட் மைஸ்னு ஒரு அறிஞர் 1964ல இதுக்கு தனியா புத்தகமே போட்டார். இன்னொரு கட்சி, காயமெல்லாம் ஏற்கனவே விழுந்தாச்சு, அவர் காலைல குகைய விட்டு வெளிய வந்து ஜெபம் பண்றார், இல்லனா பாடறார், அவ்ளோதான்னு சொல்லும்.

நான் மைஸ் கட்சி. ஏன்னா 14ம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் கதைகள்ல ஒரு வர்ணன வருது. அந்த ராத்திரி லா வெர்னா மலையே தீப்பிடிச்ச மாதிரி எரிஞ்சுதாம், சுத்தி இருக்கற மலையும் பள்ளத்தாக்கும் பகல் மாதிரி தெரிஞ்சுதாம், ஆடு மேய்க்கிறவங்க பாத்து பயந்துட்டாங்களாம், பக்கத்துல சத்திரத்துல தங்கியிருந்த கோவேறு கழுதை ஓட்டறவங்க பொழுது விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சு கழுதைங்க மேல மூட்டைய ஏத்திக் கிளம்பிட்டாங்களாம், கொஞ்ச தூரம் போன பிறகு அந்த வெளிச்சம் அடங்கி நெஜ சூரியன் வருதாம். இப்போ திரும்ப படத்தப் பாருங்க. ஆடு மேய்க்கிறவன் இருக்கான். கழுதை ஒண்ணு நிக்குது. எனக்கு இது போதும். இன்னொரு கட்சிக்காரங்க சண்டைக்கு வந்தா வாங்க, காபி போட்டு வைக்கறேன்.

கேள்வி: கழுதை, நாரை, மண்டை ஓடு, செருப்பு இதெல்லாம் சிம்பலா? ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்லுங்க மேடம், எக்ஸாமுக்கு வேணும்.

எக்ஸாமுக்குன்னா லிஸ்ட் போட்டுத் தரணும், ஆனா லிஸ்ட் போட்டா இந்தப் படம் செத்துடும்மா, அதனால முக்கியமானத மட்டும் சொல்றேன். செருப்ப முதல்ல பாரு. வலது பக்கம் கீழ, மேஜைக்கு அடில கழட்டி விட்டிருக்கார். மோசே ஓரேப் மலைல ஆடு மேய்க்கும்போது எரியற முட்செடியப் பாத்தார்ல, அப்போ ஆண்டவர் சொன்ன முதல் விஷயமே ‘செருப்பக் கழட்டு, நீ நிக்கறது புனித பூமி’ன்னுதான். எரியற செடிக்குப் பதிலா இங்க அந்த லாரல் மரம், மலை இருக்கு, ஆடு இருக்கு, வெறுங்கால் இருக்கு. பிரான்சிஸ இரண்டாவது மோசேயா காட்டறது பிரான்சிஸ்கன்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒப்புமை, இத ஜான் ஃப்ளெமிங்னு ஒருத்தர் 1982ல விரிவா எழுதினார். அவர் சில இடத்துல ஓவரா போறாருன்னு எனக்குத் தோணும், ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு வசனம் வச்சிருப்பார், ஆனா செருப்பு விஷயத்துல அவர் சொல்றது சரி.

அப்புறம் கழுதை. பிரான்சிஸ் தன் உடம்பையே ‘கழுதை அண்ணன்’னுதான் கூப்பிடுவாராம், அடி வாங்கும், சுமை தூக்கும், கொஞ்சமா திங்கும்னு. நாரை தனியா நிக்கற பறவை, தவசி மாதிரி. மண்டை ஓடும் முள்முடியும் மேஜைப் பக்கம் இருக்கு, அதுக்கு விளக்கமே வேணாம், சாவ நெனச்சுக்கோ, பாடுகள நெனச்சுக்கோ. மத்ததெல்லாம் விட்டுடு. பெல்லினி அந்தக் கழுதையோட காதையும் முதுகையும் வரைஞ்சிருக்கறதப் பாத்தா இது வெறும் சிம்பலா வரைஞ்ச ஆள் மாதிரி தெரியல, ஒரு கழுதைய நின்னு நெதானமா பாத்த ஆள் மாதிரி தெரியுது. எக்ஸாம்ல இத எழுதினா மார்க் வருமான்னு எனக்குத் தெரியாது.

ஆமா, ஒரு முயல் இருக்கு. எங்கன்னு இப்போ சொல்லமாட்டேன்.

கேள்வி: பெல்லினி யாரு? டா வின்சி, மைக்கேலாஞ்சலோ லெவலா? பேரே கேள்விப்பட்டதில்ல.

கேள்விப்படாதது உங்க தப்பில்ல, ஃப்ளோரன்ஸ்காரங்களுக்குத்தான் விளம்பரம் ஜாஸ்தி. வெனிஸ்ல இவங்க குடும்பமே ஓவியக் குடும்பம். அப்பா யாகோப்போ பெல்லினி ஓவியர், அண்ணன் தம்பில இன்னொருத்தர் ஜென்டிலே பெல்லினி, அவர 1479ல வெனிஸ் அரசாங்கமே இஸ்தான்புல்லுக்கு அனுப்பி வச்சு சுல்தான் இரண்டாம் மெஹ்மெத வரைய வச்சாங்க, அந்த உருவப்படம் லண்டன்ல இன்னும் இருக்கு. சகோதரி நிக்கோலோசியா 1453ல ஆந்த்ரேயா மான்டேன்யாவக் கட்டிக்கிட்டாங்க, அவர் பெரிய ஓவியர். தீபாவளிக்கு அந்த வீட்ல எல்லாரும் கூடினா எப்படி இருக்கும்னு கற்பன பண்ணிப் பாப்பேன், சரி அவங்களுக்கு தீபாவளி இல்ல, ஈஸ்டர்னு வச்சுக்கோங்க.

ஜியோவான்னி எப்ப பொறந்தாருங்கறதுல இன்னும் சண்ட நடக்குது, 1430கள்னு பொதுவா சொல்வாங்க. இறந்தது 1516 நவம்பர் 29, எம்பது வயசு ஒட்டி. ஜியார்ஜியோனே, டிஷியன் ரெண்டு பேரும் இவர்கிட்ட கத்துக்கிட்டவங்கன்னு சொல்றது வழக்கம். ஜெர்மனிலருந்து ட்யூரர்ங்கற ஓவியர் 1506ல வெனிஸ்ல இருந்தப்போ ஃப்ரெண்டுக்கு லெட்டர் போடறார், அவருக்கு ரொம்ப வயசாயிடுச்சு, ஆனா இன்னைக்கும் ஓவியத்துல அவர்தான் பெஸ்ட்டுங்கற மாதிரி. ட்யூரர் மத்தவன லேசுல பாராட்டற ஆள் இல்ல.

இவரோட குணத்துக்கு ஒரு கதை. இத்தாலில மாந்துவா ஆட்சியாளரோட மனைவி இசபெல்லா தெ எஸ்தே, அந்தக் காலத்துல ஓவியம் சேக்கறதுல பெரிய ஆள், தன் அறைக்கு புராணக் கதைப் படம் ஒண்ணு வேணும்னு சொல்லி 1501ல 25 டுகாட் (தங்கக் காசு) அட்வான்ஸ் குடுத்தாங்க. இவர் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தார், கடைசில 1504ல இயேசு பிறப்புப் படம் ஒண்ண குடுத்து கணக்க முடிச்சார். நம்ம டெய்லர் கடை மாதிரியே. அதுக்கப்புறமும் அந்தம்மா விடல, திரும்ப கேட்டாங்க, அப்போ நடுவுல நின்ன பியெத்ரோ பெம்போங்கற கவிஞர் 1506ல எழுதறார், அவருக்கு ரொம்ப விவரமா ஆர்டர் குடுத்தா பிடிக்காது, படத்துல தன் இஷ்டத்துக்கு அலையறதுதான் அவர் பழக்கம்னு. இந்த ஒரு வரி பெல்லினியப் புரிஞ்சுக்க நெறைய உதவும். சம்மனசு ஏன் காணாம போச்சுன்னு இப்போ புரியுதா!

கேள்வி: பெயிண்ட் ஆயிலா? அந்தக் காலத்துல முட்டை மஞ்சக்கருல வரைவாங்கன்னு படிச்சேன்.

ரெண்டும் சரி, பெல்லினி நின்னது அந்த ரெண்டுக்கும் நடுவுல. இவர் சின்ன வயசுல கத்துக்கிட்டது டெம்பரா, முட்டை மஞ்சக்கருவுல கலர் பொடியக் கலந்து வரையறது. அது சட்டுன்னு காஞ்சிடும், அதனால சின்னச் சின்னக் கோடா இழுத்து இழுத்துதான் நிழல் கொண்டுவர முடியும், வெளிச்சம் மெதுவா நிழலுக்குள்ள கரையறத அதுல பண்றது கஷ்டம். எண்ணெய் வேற, ஆளி விதை எண்ணெய் இல்லனா வால்நட் எண்ணெய்ல அரைச்ச கலர் நாள் கணக்குல ஈரமா இருக்கும், மேல மேல மெல்லிசா கண்ணாடி மாதிரி பூசலாம், அடில இருக்கற வெள்ளை பளிச்சுன்னு மேல வரும். 1475, 76ல அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா வெனிஸ் வந்து வேல பாத்தார், எண்ணெய்ல புலி, அவர் வந்து போனதுக்கப்புறம் வெனிஸே மாறிச்சுன்னு சொல்வாங்க. பெல்லினி அதுக்கு முன்னாடியே எண்ணெய்ல கை வச்சிருந்தார், ஆனா இந்தப் படத்துல அத முழுசா தன் வசமாக்கிட்டார்.

இது துணில வரைஞ்சது இல்ல, மரப் பலகை. அந்தக் காலத்து இத்தாலில பலகைன்னா பெரும்பாலும் பாப்லர் மரந்தான், அது மேல ஜிப்சமும் வஜ்ஜிரப் பசையும் கலந்து வெள்ளையா பூசி வழவழன்னு தேய்ச்சு அது மேலதான் வரைவாங்க. சைஸ் கிட்டத்தட்ட 125க்கு 142 சென்டிமீட்டர், ஒரு டைனிங் டேபிள் அளவு. 2010ல மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட சேந்து இத எக்ஸ்ரே, இன்ஃப்ராரெட் எல்லாம் எடுத்தாங்க, அடில அவர் போட்ட ஸ்கெட்ச் எவ்ளோ விரிவா இருக்குன்னு அப்போ தெரிஞ்சுது, 2011ல அத வச்சு ஒரு சின்ன கண்காட்சியும் நடந்துச்சு. பெல்லினியோட பல படங்கள்ல அவர் பிரஷ்ஷோட நிறுத்தாம விரலாலயும் ஈரக் கலர தேய்ச்சிருக்கார், கைரேகை அப்படியே பதிஞ்சிருக்கும். ஐநூறு வருஷம் முந்தின ஒருத்தரோட கட்டைவிரல்! எனக்கு இத நெனச்சா இன்னும் மயிர்க்கூச்செறியும்.

கேள்வி: இவர்தான் வரைஞ்சாருன்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க? இப்பல்லாம் ஃபேக் நிறைய வருதே.

படத்துலயே இடது கீழ் மூலைல ஒரு சின்ன மடிச்ச பேப்பர் ஒட்டின மாதிரி வரைஞ்சு அதுல லத்தீன்ல பேர் எழுதியிருக்கார், யோவான்னெஸ் பெல்லினுஸ்னு. ஆனா கையெழுத்து மட்டும் போதாது, ஏன்னா அவர் பட்டறைல அசிஸ்டென்ட்டுங்க பண்ண மாதா படங்கள்லயும் அந்தப் பேர் இருக்கும், அது ஒரு பிராண்ட் மாதிரி, கம்பெனி முத்திர. இதுக்கு பலமான சாட்சி வேற. மார்க்கந்தோனியோ மிக்கியேல்னு ஒரு வெனிஸ் பெரிய மனுஷன், யார் வீட்ல என்ன படம் இருக்குன்னு நோட்டு போட்டு வச்சவர், 1525ல தாத்தேயோ கொந்தாரினி வீட்டுக்குப் போறார், அங்க இத பாத்துட்டு எழுதி வைக்கறார், வனாந்தரத்துல சான் பிரான்செஸ்கோ, எண்ணெய், சுவான் பெல்லினோ (வெனிஸ் பேச்சுல ஜியோவான்னி பெல்லினி) வேல, சுவான் மிக்கியேல்ங்கற வேற ஒருத்தருக்காக ஆரம்பிச்சது, அதுல பக்கத்துல தெரியற நிலக்காட்சிய அற்புதமா முடிச்சிருக்கார்னு. கவனிச்சீங்களா, மனுஷன் புனிதரப் பத்தி ஒரு வார்த்த பாராட்டல, பாறையும் செடியும்தான் அவர் கண்ணுல பட்டிருக்கு.

அதே வீட்ல ஜியார்ஜியோனேவோட ‘மூன்று தத்துவ ஞானிகள்’ படமும் இருந்துச்சு, இப்போ அது வியன்னால. 2023 கடைசில அத நியூயார்க் கொண்டு வந்து ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சாங்க, பல நூறு வருஷத்துக்கு அப்புறம். நான் போனேன். ஒரு பக்கம் பெல்லினியோட குகை, இன்னொரு பக்கம் சிஷ்யனோட குகை, ரெண்டுலயும் பாறையும் வெளிச்சமும். குரு படத்துல வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு தெரியும், சிஷ்யன் படத்துல தெரியாது.

கேள்வி: ஏழைகளுக்காக வாழ்ந்த சாமியார் படம் அமெரிக்கப் பணக்காரன் வீட்ல என்ன பண்ணுது?

ஹென்றி க்ளே ஃப்ரிக், நிலக்கரி, ஸ்டீல் முதலாளி. 1892ல பென்சில்வேனியா ஹோம்ஸ்டெட் ஆலைல வேலைநிறுத்தம் நடந்தப்போ கூலிக்கு பின்கெர்ட்டன்ங்கற தனியார் காவல் கம்பெனி ஆளுங்கள வரவழைச்சது இவர்தான், துப்பாக்கிச் சண்டைல ரெண்டு பக்கமும் ஆள் செத்தாங்க. அந்த ஆள் 1915ல இந்தப் படத்த வாங்கி தன் வீட்டு ஹால்ல மாட்டறார். சொத்தே வேண்டாம்னு ஓடினவர் படம்! எரிச்சலா வரும், எனக்கும் வரும். அதே சமயம் அவர் 1919ல இறந்தப்போ வீட்டையும் படங்களையும் பொதுமக்களுக்குன்னு எழுதி வச்சுட்டுப் போனார், 1935ல மியூசியமா திறந்தாங்க, அதனாலதான் நான் டிக்கெட் எடுத்து உள்ள போக முடியுது. ரெண்டும் உண்மை, எத எடுத்து எதக் கழிக்கறதுன்னு எனக்கு கணக்கு வரல.

கேள்வி: நான் இந்து. எங்க வீட்லயும் சாமி படம் உண்டு, கும்பிடறோம். இத மியூசியத்துல பாக்கறப்போ நான் என்ன பண்ணணும், கும்பிடணுமா ரசிக்கணுமா? சீரியஸா கேக்கறேன்.

சீரியஸாவே சொல்றேன், நானும் கிறிஸ்டியன் இல்ல. முதல் தடவ போனது ஹோல்பைன் வரைஞ்ச தாமஸ் மோர் படத்தப் பாக்க, அது அதே ஹால்ல எதிர் சுவத்துல இருக்கு. திரும்பினா இது. ரெண்டு டிஷியன் படத்துக்கு நடுவுல. அஞ்சு நிமிஷம் நின்னிருப்பேன், எதுவும் பெருசா தோணல, அழகா இருக்குன்னு மட்டும் பட்டுச்சு. பக்கத்துல நின்ன காவலாளி, வயசானவர், ‘முயல பாத்தியா’ன்னு கேட்டார். தேடினேன். தேடும்போதுதான் ஒவ்வொரு பாறையா, ஒவ்வொரு இலையா கண்ணு ஊர்ந்து போச்சு, இருபது நிமிஷம் ஆயிடுச்சு, அதுக்குள்ள மனசு எப்படியோ அடங்கிப் போயிருந்துச்சு. அந்தக் காலத்து ஆளுங்க இத முன்னாடி வச்சு ஜெபம் பண்ணும்போதும் கிட்டத்தட்ட இப்படித்தான் கண்ண ஓட்டியிருப்பாங்கன்னு நெனைக்கறேன், மலை, கல், நீர், விலங்கு, கடைசில அந்த முகம். நீங்க கும்பிட்டாலும் சரி, கும்பிடலன்னாலும் சரி, அவசரப்படாம பாருங்க. கைய நீட்டித் தொட்டுக் கும்பிட மட்டும் போயிடாதீங்க, அலாரம் அடிக்கும்.

கேள்வி: நெட்ல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கலர்ல இருக்கே, ஒண்ணு மஞ்சளா, ஒண்ணு நீலமா. எது ஒரிஜினல்?

வால்பேப்பர் சைட்டுகள நம்பாதீங்க, பிரைட்னெஸ்ஸ ஏத்தி ஏத்தி மாம்பழக் கலர்ல வச்சிருப்பாங்க. 2011ல கூகுள் ஆர்ட் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு மியூசியமும் ஒரே ஒரு படத்த கிகாபிக்சல்ல எடுக்கக் குடுத்தாங்க, ஃப்ரிக் குடுத்தது இதத்தான். அதுல போய் ஜூம் பண்ணுங்க, கழுதையோட முடி வரைக்கும் தெரியும். நேர்ல பாத்தா பாறை நீலமும் பச்சையும் கலந்த ஒரு குளிர்ச்சி, அது மேல வெதுவெதுன்னு வெளிச்சம், அந்த ரெண்டும் சேர்ற இடத்த எந்த ஸ்க்ரீனும் பிடிக்கறதில்ல.

கேள்வி: அடுத்த மாசம் வெனிஸ் டூர் போறோம், ரெண்டு நாள்தான். இவரோட படம் எங்க பாக்கலாம் சிஸ்டர்?

ரெண்டு நாள்னா மூணு இடம் போதும். ஃப்ராரி சர்ச்சுல சாக்ரிஸ்டிக்குள்ள (சாமியார் பூசை உடுப்பு மாத்தற ரூம்) 1488ல பண்ண மாதா படம், வரைஞ்ச அதே இடத்துல, அதே தங்க ஃப்ரேம்ல இன்னும் இருக்கு, இத விட்டுட்டு வந்தீங்கன்னா என்கிட்ட பேசாதீங்க. சான் ஸக்காரியா சர்ச்சுல 1505ல பண்ண பலிபீடப் படம், எழுபது வயசு ஒட்டி வரைஞ்சது. அப்புறம் அக்காதெமியா மியூசியத்துல சான் ஜியோப்பே பலிபீடப் படம். அதுலயும் பிரான்சிஸ் நிக்கறார், காயத்தக் காட்டிக்கிட்டு. மடோன்னா டெல் ஓர்த்தோ சர்ச்சுலயும் ஒண்ணு இருந்துச்சு, குட்டி மாதா படம், 1993ல திருட்டுப் போயிடுச்சு, அந்த இடத்துல இப்போ போட்டோதான்.

கேள்வி: நியூயார்க் வர்றப்போ குழந்தைங்கள கூட்டிட்டுப் போலாமா?

10 வயசுக்குக் கீழன்னா விடமாட்டாங்க, வாசல்ல நின்னு சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. உள்ள படங்களப் போட்டோ எடுக்கவும் விடமாட்டாங்க, எனக்கு அது ஒரு விதத்துல சந்தோஷம்தான், எல்லாரும் போன கீழ வச்சுட்டுப் பாக்கறாங்க. கட்டடத்துல வேல நடந்ததால சில வருஷம் பக்கத்துல மாடிசன் அவென்யூல ஒரு கான்க்ரீட் பில்டிங்ல வச்சிருந்தாங்க, அங்க இந்தப் படத்துக்கு தனி ரூம், ஒரே ஒரு ஜன்னல், ஒரு பெஞ்ச். 2025 ஏப்ரல்லருந்து பழைய வீட்டுக்கே திரும்பியாச்சு. நெஜமா சொல்லணும்னா எனக்கு அந்தக் காலி ரூம்தான் பிடிச்சிருந்துச்சு, இங்க சோஃபாவும் சரிகைத் திரையும் வந்து நடுவுல நிக்குது.

கேள்வி: அக்கா கிகாபிக்சல்ல ஒரு மணி நேரமா தேடறேன், முயல் இல்லவே இல்ல. ஏமாத்தறீங்க.

இருக்கு. பிரான்சிஸோட வலது கை, அதாவது நமக்கு இடது பக்கம் இருக்கற கை, அந்த அங்கி கை ஓரத்துக்குக் கீழ பாறைச் சுவத்துல ஒரு பொந்து இருக்கும், அதுலேருந்து தலைய மட்டும் நீட்டிட்டு இருக்கு, காது ரெண்டும் தெரியும். கெடைச்சதும் அப்படியே இடது கீழ் மூலைக்கு வாங்க, கல்லு நடுவுல ஒரு சின்ன தண்ணிக் குழாய் மாதிரி இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு பறவை ஒக்காந்திருக்கு. அது என்ன பறவைன்னு நீங்க சொல்லுங்க.